நின்றபடியே தரை இறங்கிய ராக்கெட்

ராக்கெட் என்றால் மேலே போகும், திரும்பி வராது. ரொம்ப காலமாக நமக்குத் தெரிந்த ராக்கெட் இதுதான். கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டுவார்கள், சில நிமிடங்கள் எரிப்பார்கள், மிச்சத்தைக் கடலில் போட்டுவிடுவார்கள். இன்று ஃபால்கன் 9 ராக்கெட் நெருப்பைக் கக்கியபடி மெல்ல இறங்கிக் கால் ஊன்றி நிற்கும் வீடியோவைப் பார்க்காதவர்கள் குறைவு. அந்த ராக்கெட் முதன்முதலில் அப்படி இறங்கியது 2015 டிசம்பரில். ஆனால் அதற்கு 22 ஆண்டுகளுக்கு முன்பே, அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ பாலைவனத்தில், கூம்பு வடிவ ராக்கெட் ஒன்று மேலே எழும்பி, காற்றில் அப்படியே நின்று, பக்கவாட்டில் நகர்ந்து, நான்கு கால்களில் வந்து இறங்கியது. அதன் பெயர் டிசி-எக்ஸ். டெல்டா கிளிப்பர் எக்ஸ்பெரிமென்டல் என்பதன் சுருக்கம்.

நான் சாஃப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன். ராக்கெட் இன்ஜினியர் இல்லை. ஆனாலும் இந்த ராக்கெட்டின் கதையைப் படிக்கும்போது எங்கள் தொழிலைப் பற்றிப் படிப்பது போலவே இருக்கிறது. கொஞ்சம் செய், ஓட்டிப் பார், கோளாறைச் சரி செய், மறுபடி ஓட்டிப் பார் என்ற முறையில் ராக்கெட்டையும் உருவாக்கலாம் என்று காட்டியது இதுதான். அது அழிந்த விதமும் எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு நன்றாகப் புரியும்.

யார் கட்டினார்கள், எதற்காக?

1980-களில் ரீகன் காலத்தில் 'ஸ்டார் வார்ஸ்' என்று பத்திரிகைகள் பெயர் வைத்த ஏவுகணைத் தடுப்புத் திட்டம் இருந்தது. அதற்கு ஏராளமான கருவிகளை விண்வெளிக்குக் கொண்டு போக வேண்டும். அப்போதிருந்த ராக்கெட்டுகளில் அனுப்பினால் கட்டுப்படியாகாது. விமானம் மாதிரி எரிபொருள் நிரப்பி, போய்விட்டு வந்து, மறுபடி நிரப்பிக் கிளம்பும் வாகனம் வேண்டும் என்று நினைத்தார்கள். 1991 ஆகஸ்டில் மெக்டானல் டக்ளஸ் கம்பெனிக்குச் சுமார் 6 கோடி டாலரில், இரண்டு ஆண்டு கெடுவில் வேலையைக் கொடுத்தார்கள். ராக்கெட் உலகில் இது சில்லறைக் காசு.

டிசி-எக்ஸ் விண்வெளிக்குப் போவதற்காகச் செய்யப்பட்டதல்ல. பிற்பாடு கட்டப்போகும் பெரிய வாகனத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுள்ள மாதிரி. உயரம் 12 மீட்டர், அதாவது நாலு மாடி வீடு. எரிபொருள் நிரப்பினால் எடை சுமார் 19 டன், காலியாக 9 டன். எரிபொருள் திரவ ஹைட்ரஜனும் திரவ ஆக்சிஜனும்.

பணமும் நேரமும் குறைவு என்பதால் புதிதாக எதையும் கண்டுபிடிக்க உட்காரவில்லை. பழைய கம்ப்யூட்டர்களில் இருந்து ராமும் ஹார்டுடிஸ்க்கும் கழற்றி ஒரு பிசி அசெம்பிள் செய்வோமே, அந்த மாதிரி செய்தார்கள். என்ஜின் ஏற்கெனவே பல ஆண்டுகள் பறந்து பெயர் வாங்கிய ஆர்எல்-10 வகை. திசை காட்டும் கருவித் தொகுதி எஃப்-15 போர் விமானத்தினுடையது. முடுக்கத்தையும் திரும்பும் வேகத்தையும் அளக்கும் பெட்டி எஃப்-18 விமானத்தினுடையது. ராணுவத்துக்கான ஜிபிஎஸ் ரிசீவர் ஒன்றும் சேர்ந்தது. 1993-ல் ஜிபிஎஸ் என்ற சொல்லையே நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம்.

மூளையாக இருந்தது ஒரு 32 பிட் கம்ப்யூட்டர். வேகம் 4.5 மிப்ஸ். அதாவது நொடிக்கு 45 லட்சம் கட்டளைகள். அன்று கடைகளில் விற்ற 486 கம்ப்யூட்டர்கள்கூட இதைவிட வேகமானவை. இன்று உங்கள் பாக்கெட்டில் இருக்கும் போனோடு ஒப்பிடவே முடியாது.

இவ்வளவு மெதுவான கம்ப்யூட்டர் ராக்கெட்டை ஓட்டுமா என்று கேட்கலாம். நன்றாகவே ஓட்டும். நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரே சமயத்தில் பிரவுசர் ஓடும், பாட்டு ஓடும், ஆன்டிவைரஸ் ஓடும். சில நேரம் மவுஸ் அரை நொடி நின்று போகும். நாம் திட்டிவிட்டு விட்டுவிடுவோம். ராக்கெட்டில் அரை நொடி நின்றால் கதை முடிந்தது. அங்கே கம்ப்யூட்டர் செய்யும் வேலை ஒரே ஒரு சுற்றுதான். சென்சார்களைப் படி, எவ்வளவு சாய்ந்திருக்கிறோம் என்று கணக்கிடு, என்ஜின்களுக்கு உத்தரவு அனுப்பு, மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு சுற்றும் குறித்த நேரத்துக்குள் முடிந்தாக வேண்டும். இதைத்தான் ரியல் டைம் என்கிறோம். வேகத்தைவிட நேரம் தவறாமைதான் அங்கே முக்கியம்.

உள்ளங்கையில் கம்பு

சின்ன வயதில் நீளமான கம்பை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்தி விளையாடியிருப்பீர்கள். கம்பு வலப்பக்கம் சாய்ந்தால் கையை வலப்பக்கம் நகர்த்துவீர்கள். கொஞ்சம் அதிகமாக நகர்த்தினால் இடப்பக்கம் சாயும். டிசி-எக்ஸ் கம்ப்யூட்டரின் வேலையும் இதுதான். நான்கு என்ஜின்களும் கொஞ்சம் இப்படியும் அப்படியும் திரும்பக் கூடியவை. எந்தப் பக்கம், எவ்வளவு, எவ்வளவு நேரம் திருப்புவது என்பதுதான் கணக்கு. இன்ஜினியரிங் காலேஜில் கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் இந்தக் கம்புக் கணக்கைப் போட்டுப் போட்டு அலுத்துப் போனோம். இதற்காகத்தான் போடச் சொன்னார்கள் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்சம் ஆசையாகப் போட்டிருப்போம்.

இறங்குவதில் இன்னொரு சிக்கல் உண்டு. ராக்கெட் காற்றில் ஓரிடத்தில் நிற்க வேண்டுமானால் என்ஜினின் உந்துவிசையும் ராக்கெட்டின் எடையும் சமமாக இருக்க வேண்டும். கிளம்பும்போது எடை 19 டன். ஒவ்வொரு என்ஜினும் முழு வேகத்தில் சுமார் 6 டன் உந்தும். நான்குக்கு 24 டன். கிளம்புவதற்குப் பிரச்சினை இல்லை. ஆனால் இறங்கும்போது எரிபொருள் தீர்ந்து எடை 10 டன் பக்கம் வந்துவிடும். அப்போது என்ஜினைக் குறைக்க முடியாவிட்டால் ராக்கெட் மறுபடி மேலேதான் போகும். அதற்காகவே இந்த என்ஜின்களை 30 சதவீதம் வரை குறைத்து ஓட்டும்படி மாற்றி அமைத்தார்கள். நான்கும் சேர்ந்து 7 டன் சொச்சம். எடைக்குக் கீழே வந்துவிட்டதல்லவா? இனி மெதுவாக இறங்கலாம், நடுவில் நிற்கலாம், யோசிக்கலாம்.

ஃபால்கன் 9-க்கு இந்த வசதி இல்லை. இறங்கும்போது ஒரே ஒரு என்ஜினை அதன் குறைந்தபட்ச வேகத்தில் ஓட்டினாலும் உந்துவிசை எடையைவிட அதிகம். ஆகவே அது காற்றில் நிற்க முடியாது. வேகம் பூஜ்யமாகும் நொடியும் கால் தரையைத் தொடும் நொடியும் ஒன்றாக அமைய வேண்டும். சற்று முன்னால் என்றால் மேலே எழும்பும், சற்றுப் பின்னால் என்றால் மோதும். ஸ்பேஸ்எக்ஸ் செய்வது இன்னும் கடினமான கணக்கு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

டிசி-எக்ஸ் புரோகிராமை ஆடா மொழியில் உருவாக்கினார்கள். அமெரிக்க ராணுவத்துக்காக உருவான, ரொம்பக் கறாரான மொழி. அதிலும் எல்லா வரிகளையும் கையால் டைப் செய்யவில்லை. கட்டங்களும் அம்புக்குறிகளுமாகப் படம் வரைந்தால் அதிலிருந்து ஆடா புரோகிராமைத் தானே தயாரிக்கும் கருவியைப் பயன்படுத்தினார்கள். விஷுவல் பேசிக்கில் பட்டனை இழுத்துப் போட்டால் கோடு தானாக வந்து உட்காருவது நமக்குப் பழக்கம்தான். ராக்கெட்டுக்கு அதைச் செய்யத் துணிந்தது அந்த நாளில் பெரிய விஷயம். படத்தில் திருத்தினால் புரோகிராமும் திருந்தும். ஒரு பறத்தலில் கற்றதை அடுத்ததற்குள் சேர்க்க இப்படிப்பட்ட வேகம் தேவை.

டிரெய்லருக்குள் மூன்று பேர்

விண்வெளி ஓடத்தை ஏவும்போது பெரிய ஹாலில் வரிசை வரிசையாக மானிட்டர்களுக்கு முன் ஆட்கள் உட்கார்ந்திருப்பதை டிவியில் பார்த்திருப்பீர்கள். டிசி-எக்ஸ்ஸை இயக்கியது ஒரு டிரெய்லருக்குள் மூன்றே பேர். பறத்தல்களுக்குப் பொறுப்பாளராக இருந்தவர் பீட் கான்ராட். 1969 நவம்பரில் அப்போலோ 12 கலத்தை நிலவில் இறக்கிய அதே கான்ராட்தான். ராக்கெட் நெருப்பின் மேல் உட்கார்ந்து நான்கு கால்களில் இறங்குவது என்றால் என்ன என்று கையால் செய்து பார்த்த மனிதர். இங்கே அவர் கையில் ஓட்டும் கருவி கிடையாது. ஓட்டுவது சாஃப்ட்வேர். ஏதாவது தப்பாகத் தெரிந்தால் 'உடனே இறங்கு' என்று உத்தரவு கொடுக்கலாம், அவ்வளவுதான்.

முதல் பறத்தல் 1993 ஆகஸ்ட் 18. நேரம் 59 நொடி. உயரம் வெறும் 46 மீட்டர். அங்கே நின்று, பக்கவாட்டில் 107 மீட்டர் நகர்ந்து, இறங்கியது. பார்த்தவர்களுக்கு சினிமா போல இருந்திருக்கும். செப்டம்பர் 11-ல் இரண்டாவது, 92 மீட்டர். செப்டம்பர் 30-ல் மூன்றாவது, 370 மீட்டர். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதலாக. எடுத்த எடுப்பிலேயே இரண்டு கிலோமீட்டர் போய்ப் பார்ப்போம் என்று யாரும் அவசரப்படவில்லை.

அதோடு பணம் தீர்ந்தது. நாசா முதலானவர்கள் கைகொடுத்த பிறகு 1994 ஜூன் 20-ல்தான் நான்காவது பறத்தல் நடந்தது. ஒரு வாரம் கழித்து, ஜூன் 27-ல் நடந்த ஐந்தாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. என்ஜின் பற்றிய உடனே, வெளியே தேங்கியிருந்த ஹைட்ரஜன் வாயு வெடித்தது. ராக்கெட்டின் வெளிக்கூட்டில் ஒரு பக்கம் கிழிந்து பெரிய ஓட்டை. துண்டுகள் பறந்தன. ராக்கெட் அதைப் பற்றிக் கவலைப்படாமல் மேலே போய்க்கொண்டிருந்தது. கான்ராட் இறங்கச் சொன்னார். கம்ப்யூட்டர் மேலே போவதை நிறுத்தி, திட்டத்தை மாற்றி, பொத்தென்று விழாமல் பத்திரமாகக் கொண்டு வந்து இறக்கியது. மொத்தம் 78 நொடி.

வேறெந்த ராக்கெட்டாக இருந்தாலும் என்ன நடந்திருக்கும்? பாதுகாப்பு அதிகாரி வெடிக்க வைக்கும் பட்டனை அழுத்தியிருப்பார். பிறகு கடலில் துண்டுகளைப் பொறுக்கி, எது கெட்டது என்று பல மாதம் ஆராய்ந்திருப்பார்கள். இங்கே கெட்டுப்போன ராக்கெட் முழுதாக முன்னால் நிற்கிறது. டேட்டா இருக்கிறது, ஓட்டை எங்கே என்று கையை விட்டுப் பார்க்கலாம். சாஃப்ட்வேர்காரன் பாஷையில் சொன்னால், கிராஷ் ஆகாமல் எர்ரர் மெசேஜ் கொடுத்து நின்ற புரோகிராம். அதன் அருமை பிழை தேடியவர்களுக்குத் தெரியும்.

1995-ல் மூன்று பறத்தல்கள். ஜூலை 7-ல் நடந்த எட்டாவதில் 2500 மீட்டர் உயரம் போய், நடு வானில் மூக்கைச் சாய்த்துத் திரும்பவும் நிமிர்ந்தது. விண்வெளியிலிருந்து மூக்கு முன்னால் வரும் வாகனம் கடைசியில் கால் கீழே வரும்படி திரும்ப வேண்டுமே, அதற்கான ஒத்திகை. இறங்கும்போது சற்று வேகமாக இறங்கி வெளிக்கூட்டில் விரிசல் விழுந்தது.

பிறகு நாசா அதை எடுத்துக்கொண்டு எடை குறைந்த புது டேங்குகளைப் பொருத்தியது. பெயர் டிசி-எக்ஸ்ஏ ஆனது. 1996 ஜூன் 7-ல் பறந்து இறங்கிய அதே ராக்கெட், 26 மணி நேரத்தில் மறுபடி பறந்தது. இந்த முறை 3140 மீட்டர், 142 நொடி. விண்வெளி ஓடம் ஒரு முறை போய் வந்தால் அடுத்ததற்குத் தயாராகச் சாதாரணமாக மாதங்கள் ஆயின என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த 26 மணி நேரத்தின் மதிப்பு தெரியும்.

நான்காவது கால்

1996 ஜூலை 31. பன்னிரண்டாவது பறத்தல். 1250 மீட்டர் உயரம், 140 நொடி. எல்லாம் சரியாகவே போனது. கம்ப்யூட்டர் ராக்கெட்டை இறங்க வேண்டிய இடத்தில் சரியான வேகத்தில் கொண்டு வந்து வைத்தது. ஆனால் நான்கு கால்களில் மூன்றுதான் வெளியே வந்திருந்தன.

மூன்று கால் ஸ்டூல் நிற்கிறதே என்று தோன்றும். ஸ்டூலின் மூன்று கால்களும் சம தூரத்தில் இருக்கும். எடை நடுவே விழும். நான்கு கால் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு காலை உடைத்துவிட்டால் அது ஸ்டூல் ஆகாது. எடை மிச்சக் கால்களின் ஓரத்தில் போய் நிற்கும். கொஞ்சம் அசைந்தாலும் உடைந்த கால் பக்கமே சாயும். டிசி-எக்ஸ்ஏ மெதுவாகச் சாய்ந்தது. தரையில் மோதியதும் ஆக்சிஜன் டேங்க் வெடித்தது. தீ பிடித்தது.

காரணம் என்ன? பறப்பதற்கு முன் கால்களை மடக்கி உள்ளே வைக்க வேண்டும். அப்படி வைக்க, காலின் பிரேக்குக்குப் போகும் ஹீலியம் லைனைக் கழற்றி மறுபடி மாட்ட வேண்டும். ஒரு காலில் அது மாட்டப்படவில்லை. விசாரணைக் குழு சொன்னதில் எனக்கு உறைத்த விஷயம் வேறு. அந்த லைன் சரியாக இருக்கிறதா என்று முன்பே சோதித்திருந்தார்கள். சோதனை முடிந்த பிறகுதான் அதைக் கழற்றும் வேலை வருகிறது. கழற்றி மாட்டிய பின் மறுபடி சரி பார்க்கும்படி செய்முறையில் எந்த ஸ்டெப்பும் இல்லை. கால் மடக்குவதை யாரும் முக்கியமான வேலையாகக் கருதவே இல்லை.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு பெயரே இல்லாத அளவுக்கு இது சர்வ சாதாரணம். டெஸ்டிங் முடிந்து எல்லாம் ஓகே என்று கையெழுத்தாகி இருக்கும். கஸ்டமருக்கு அனுப்பும் முன் யாரோ ஒருவர் செட்டிங்ஸ் ஃபைலில் ஒரே ஒரு வரியை மாற்றுவார். 'சின்ன மாற்றம்தான், மறுபடி டெஸ்ட் பண்ண வேண்டியதில்லை.' ராத்திரி பதினோரு மணிக்கு போன் வரும். நான் பார்த்த இடங்களில் எல்லாம் இது நடந்திருக்கிறது.

இதில் அந்த டெக்னீஷியனைக் குற்றம் சொல்லி என்ன பயன்? மனிதன் ஒரு நாள் மறப்பான் என்று தெரிந்தே செய்முறையை எழுத வேண்டும். அதே 1996-ல், இதற்கு இரண்டு மாதம் முன்பு, ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் முதல் முறை கிளம்பிச் சுமார் 37 நொடியில் தாறுமாறாகத் திரும்பி அழிந்தது. அதற்குக் காரணம் சாஃப்ட்வேர். ஏரியான் 4-ல் ஒழுங்காக ஓடிய புரோகிராமை அப்படியே கொண்டு வந்தார்கள். புது ராக்கெட்டின் வேகத்துக்கு ஒரு எண் பெரிதாகி 16 பிட் இடத்தில் அடங்காமல் போனது. அந்தப் புரோகிராமும் ஆடா மொழிதான். புது ராக்கெட்டின் பாதையை வைத்து அதை ஓட்டிப் பார்க்கவே இல்லை. ஒன்றில் புரோகிராம், மற்றொன்றில் ஒரு ஹீலியம் லைன். இரண்டிலும் 'இது ஏற்கெனவே சரி பார்த்ததுதானே' என்ற எண்ணம்.

டிசி-எக்ஸ்ஏ போல் இன்னொன்று கட்டச் சுமார் 5 கோடி டாலர் ஆகும் என்று கணக்குப் போட்டார்கள். நாசா மறுத்துவிட்டது. அதற்கு நான்கு வாரம் முன்புதான், ஜூலை 2-ல், அடுத்த சோதனை வாகனமாக லாக்ஹீட் மார்ட்டின் கம்பெனியின் எக்ஸ்-33 தேர்வாகி இருந்தது. ஆப்பு வடிவ உடல், புது வகை என்ஜின், புது வகை டேங்க், எல்லாமே புதுசு. 1999-ல் சோதனையின்போது அதன் ஹைட்ரஜன் டேங்க் பிய்ந்து போனது. நாசாவுக்கு மட்டும் 90 கோடி டாலருக்கு மேல் செலவான பிறகு, 2001 மார்ச்சில், ஒரு முறைகூடப் பறக்காமல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. 6 கோடியில் ஆரம்பித்த பழைய ராக்கெட் பன்னிரண்டு முறை பறந்துவிட்டது. என்னைக் கேட்டால் நாசா அன்று அந்த 5 கோடியைக் கொடுத்திருக்க வேண்டும். கோளாறு என்ன என்று தெரியும், செய்முறையில் ஒரு வரி சேர்த்தால் போதும் என்றும் தெரியும். அந்த நிலையில் நிறுத்தியதால் காலூன்றி இறங்கும் பெரிய ராக்கெட்டுக்கு உலகம் மேலும் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

டிசி-எக்ஸ்ஸில் வேலை பார்த்தவர்கள் சிலர் பிறகு ஜெஃப் பெசோஸின் ப்ளூ ஆரிஜின் கம்பெனிக்குப் போனார்கள். அதன் நியூ ஷெப்பர்ட் ராக்கெட் 2015 நவம்பர் 23-ல் விண்வெளியின் விளிம்பைத் தொட்டுவிட்டு நின்றபடி இறங்கியது. ஒரு மாதத்தில் ஃபால்கன் 9-ம் இறங்கியது.

2016 ஜனவரி 17-ல் இன்னொரு ஃபால்கன் 9, ஜேசன்-3 செயற்கைக் கோளை மேலே விட்டுவிட்டு பசிபிக் கடலில் மிதக்கும் மேடை மீது வந்து இறங்கியது. வேகம் சரி, இடம் சரி. நான்கு கால்களும் விரிந்தன. ஆனால் ஒரு காலின் பூட்டு விழவில்லை. கிளம்பிய இடத்தில் இருந்த கடும் மூடுபனியில் ஐஸ் கட்டியிருக்கலாம் என்றார்கள். மெதுவாகச் சாய்ந்து வெடித்தது. டிசி-எக்ஸ்ஏ வீடியோவையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டிப் பாருங்கள், இருபது வருட இடைவெளி தெரியாது. ஆனால் இந்த முறை யாரும் திட்டத்தை மூடவில்லை. ஏப்ரல் 8-ல் அட்லாண்டிக்கில் மிதந்த மேடையில் ஒரு ஃபால்கன் 9 நான்கு கால்களிலும் நின்றது.